பிரஷர் இறங்கவில்லையா? டின் கணக்கையும் டொக்டரிடம் சொல்லுங்கள்

பிரஷருக்கு மருந்தெடுக்க வருகிறவர்களிடம் உப்பு, சிகரெட், மது என்று கேட்டால் பதில் வந்துவிடும். எனர்ஜி ட்ரிங்க் பற்றி மட்டும் யாரும் தாமாகச் சொல்வதில்லை. குளிர்பானம்தானே என்ற எண்ணம். அதனால் "தம்பி, ராவில முழிச்சிருக்க என்ன குடிக்கிறீங்க?" என்று தனியாகவே கேட்கிறேன். திருகோணமலையில் இரவு கடலுக்குப் போகிறவர்கள், கொழும்புக்கு வான் ஓட்டுகிறவர்கள், சீசனில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் நைட் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் எல்லோரிடமும் இதைக் கேட்டாக வேண்டும்.

எனர்ஜி ட்ரிங்கில் உள்ள கஃபீன் தூக்கத்தைக் கலைப்பதோடு நிற்பதில்லை, பிரஷரையும் சில மணி நேரம் ஏற்றிவிடும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த டின்னை உடைத்தால் பிரஷர் இறங்க இடமேது? பாரிசவாதத்துக்கு முதல் காரணம் உயர் இரத்த அழுத்தம்தான்.

2025 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் ஒருவரின் நோய் விவரம் வெளியானது. ஐம்பதுகளில் இருந்தவர், மற்றபடி நல்ல சுகதேகி. நாளுக்குச் சராசரியாக 8 டின், ஒவ்வொன்றிலும் 160 மில்லிகிராம் கஃபீன். இடது பக்கம் விறைத்து, நடை தள்ளாடி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பிரஷர் 254/150. பாரிசவாதம். வீடு திரும்பிய பிறகு குளிசையைக் கூட்டியும் அடங்காத பிரஷர், டின்னை நிறுத்தியதும் அடங்கியது, குளிசையும் தேவைப்படவில்லை. விறைப்பு மட்டும் முழுதாக விடவில்லை. ஒரே ஒருவரை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நிறுத்தியதும் பிரஷர் இறங்கியதை நான் லேசாக எடுக்கமாட்டேன்.

இதைப் படித்துவிட்டு அம்மாவின் பிளேன்டீயில் கை வைக்காதீர்கள். சுகமாக உள்ள பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பயமில்லை; கர்ப்பிணிகளுக்கு 200. ஒரு கோப்பை தேநீரில் 50 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். (சீனியைக் குறைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.) சில தலையிடிக் குளிசைகளிலும் கஃபீன் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். டின்னை ஒரேயடியாக விட்டால் தலையிடிக்கும், படிப்படியாகக் குறையுங்கள். பிரஷர் பார்க்க முன் அரை மணி நேரம் தேநீர், கோப்பி எதுவும் வேண்டாம்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தேசிக்காய்த் தண்ணி பருக்க வேண்டாம், புரைக்கேறிவிடும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடக் கிடைப்பது அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான். அதிலும் முந்தி வந்தவருக்கே பலன் அதிகம். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.