மீள்செயல்: ‘ஸ்டீரியோடைப்பி’யைத் தமிழில் என்ன சொல்லலாம்?

இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று மருத்துவரிடம் காட்டிவிட்டு வருகிறவர்களின் சீட்டில் பல சமயம் ஒரு சொல் இருக்கும்: ஸ்டீரியோடைப்பி. பக்கத்தில், அது இருக்கிறது என்று காட்ட ஒரு கூட்டல் குறி. சிலருக்கு ‘ஆர்.ஆர்.பி.’ என்று மூன்றெழுத்து. தெரப்பி மையத்துக்குப் போனால் அதையே ‘ஸ்டிம்மிங்’ என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா, “டாக்டர் என்னப்பா சொன்னாக?” என்று கேட்டால் படித்த மகனும் திணறுவார். “சும்மா சும்மா கைய உதறுறான்ல, அதத்தான் சொல்றாக” என்று முடித்துக்கொள்வார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடுகளில் வழங்குவதும் அப்படித்தான்: கையை உதறுறான், சுத்திக்கிட்டே இருக்கான், சொன்னதையே சொல்றான். சீட்டில் இருப்பதைவிட இவை தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வேண்டுமே.

ஸ்டீரியோடைப் என்ற சொல் பிறந்தது மருத்துவமனையில் இல்லை, அச்சுக்கூடத்தில். கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திண்மையானது. ‘டைப்போஸ்’ என்றால் அச்சு, பதிவு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் ஃபிர்மேன் தீதோ என்ற அச்சாளர், கோத்த எழுத்துகளை அப்படியே ஒரே உலோகத் தகடாக வார்த்து அச்சடிக்கும் முறைக்கு இந்தப் பெயரை வைத்தார். தகடு இருந்தால் எழுத்தை மறுபடி கோக்க வேண்டாம். எத்தனை படி அடித்தாலும் ஒன்றுபோல வரும். (பழைய அச்சுத் தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா செட்டியாரின் கோட்டையூர் நமக்குப் பக்கம்தான். அச்சுக்கூடத்துச் சொல் என்றால் நமக்குக் கொஞ்சம் பற்று இருக்கத்தான் செய்யும்.) ஒரே அசைவை, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் செய்த நோயாளிகளைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டு மனநல மருத்துவர்கள் இதைக் கடன் வாங்கினார்கள். ஓர் இனத்தாரைப் பற்றிய மாறாத முன்முடிவு என்று இன்று பத்திரிகைகள் எழுதுகிற பொருள் 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் வழியாகப் பரவியது. இரண்டும் ஒரே தகட்டிலிருந்து வந்த படிகள். மருத்துவச் சீட்டில் இருப்பதற்கும் முன்முடிவுக்கும் வேறு தொடர்பு இல்லை.

ஆட்டிசத்தோடு இது சேர்ந்தது 1943இல். அமெரிக்காவின் பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பொருள்களைச் சுழலவிட்டுப் பரவசப்படுவதையும், எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் பதறுவதையும் அவர் அப்போதே குறித்துவைத்தார். இன்று மருத்துவர்கள் பின்பற்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு (2013) இந்தப் பிரிவில் நான்கைச் சொல்கிறது: திரும்பத் திரும்ப வரும் அசைவும் பேச்சும், மாறாமையை வற்புறுத்துவது, ஒன்றில் மட்டும் அளவுகடந்த ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது. ஆட்டிசம் என்று முடிவு செய்ய இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தது ‘ஆர்.ஆர்.பி.’, அதாவது குறுகிய, திரும்பத் திரும்ப வரும் நடத்தைகள். ஸ்டீரியோடைப்பி அதில் முதல் வகை மட்டும்.

சரி, தமிழில்? ‘திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை’ என்று எழுதுவது பிழையில்லை, நீளம். ‘ஒரேபடித்தான இயக்கம்’ என்பது அச்சுத் தகட்டின் நேர் மொழிபெயர்ப்பு, பிள்ளையை எந்திரமாக்கிவிடுகிறது. ஸ்டிம்மிங்குக்குத் ‘தன்தூண்டல்’ என்கிறார்கள். தூண்டலுக்காக மட்டும் பிள்ளை அதைச் செய்வதில்லை, பல நேரம் அடங்குவதற்காகவும் செய்கிறது என்பதால் அதுவும் பாதிப் பொருளைத்தான் தருகிறது. வீட்டுப் பேச்சில் வரும் ‘சேட்டை’யும் ‘கிறுக்கு’ம் விளக்கமே இல்லை, வசவு.

எனக்குப் பிடித்தது மீள்செயல். வினைத்தொகை, மீண்ட செயல், மீள்கின்ற செயல், மீளும் செயல் மூன்றும் உள்ளே இருக்கின்றன. மீள்தல் என்றால் திரும்ப வருதல். இக்கட்டிலிருந்து விடுபடுதலும் அதுதான். நெருக்கடியிலிருந்து தன்னை மீட்டுக்கொள்ளவே கையை அசைக்கிறோம் என்று ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தப் பொருளும் சொல்லுக்குள்ளே இருப்பது நல்லதாகப் போயிற்று. மாறாமையை வற்புறுத்துவதற்கு ‘மாறாமை வேண்டல்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. நன்னூல் அடுக்குத்தொடரைப் பேசும்போது, ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை அடுக்கும் என்று சொல்லி, அசைநிலை, பொருள்நிலை, இசைநிறை என்று காரணமும் தருகிறது. பொருள்நிலைக்கு விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்று விரிப்பார்கள். ‘பாம்பு பாம்பு’ அச்சம். ‘வருக வருக’ உவகை. இசைநிறைக்கு வேறு பொருள் இல்லை, ஓசை நிறைய வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் கையுதறலை இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதி புரிந்துவிடும். ஐயா வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் உதறினால் உவகை. மேளச் சத்தத்தில் காதைப் பொத்தி ஆடினால் அச்சம். யாரும் இல்லாத மத்தியானத்தில் எவர்சில்வர் மூடியைச் சுழலவிட்டு, அது அடங்கும்வரை தரையோடு தலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது இசைநிறை. எல்லாம் மீள்செயல்தான், காரணம் மூன்று. கையை மட்டும் பார்த்தால் தெரியாது, முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

இனி ‘காரணி’. ஆய்வுச் செய்திகளைத் தமிழில் தருகிறவர்கள் ‘மீள்செயலுடன் தொடர்புடைய காரணிகள்’ என்று எழுதுகிறார்கள். புள்ளியியலில் அது சரியான சொல்தான். வாசிக்கிற தாய்க்கோ காரணியில் காரணம் என்றுதான் காதில் விழும். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்பது மட்டுமே பெரும்பாலான ஆய்வுகள் சொல்வது. ‘உடன்காண்பவை’ என்று எழுதினால் பல வீடுகளில் வீண் பழி குறையும்.

அந்த உடன்காண்பவை என்ன? இங்கேதான் ஆர்.ஆர்.பி.யில் இரண்டு வகையைப் பிரித்தாக வேண்டும். முதல் வகை உடலும் புலனும் சார்ந்தது: உதறல், நுனிக்கால் நடை, சுற்றல், கண்ணோரம் வைத்துப் பார்த்தல். செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்களை ஒட்டி, தலையைச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்த்தபடியே ஓடும் பிள்ளைகள் உண்டு. தூண் ஒவ்வொன்றாகக் கடக்கையில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதுதான். முகப்புக்குப் போனதும் திரும்பி, அதே வரிசையில் மறுபடி ஓடும். இந்த வகை சிறு வயதில் கூடுதலாகக் காணப்படுகிறது. பேச்சைச் சாராத அறிவுத்திறன் வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளிடம் இன்னும் கூடுதல். இரண்டாம் வகையான மாறாமை வேண்டலுக்கு அறிவுத்திறனோடு அவ்வளவு நெருக்கம் இல்லை, பதற்றத்தோடுதான் நெருக்கம். நன்றாகப் பேசும் பிள்ளையிடமும் வரும். முன்னோரைக் கும்பிடும் படைப்பு நாளில் பங்காளிகள் எல்லாரும் கூடி, வழக்கமான தட்டு எங்கோ போய், வழக்கமான இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்க, இடியாப்பத்துக்குச் சீனி வராமல் போனால் அன்று முழுக்க அழுகைதான். விருந்தாளிகள் “செல்லங் குடுத்துக் கெடுத்துட்டாக” என்பார்கள்.

புலன் உணர்வில் உள்ள மாறுபாடு இரண்டு வகையோடும் சேர்ந்தே வருகிறது. தூக்கம் கெட்ட பிள்ளைகளிடம் மீள்செயல் கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. எது முதல், எது பின் என்று சொல்வது கடினம். சராசரியாகப் பெண் பிள்ளைகளிடம் இது குறைவாகப் பதிவாகிறது. அதனாலேயே அவர்களின் ஆட்டிசம் கண்ணில் படாமல் போவதும் உண்டு. சொன்னதையே சொல்வது பேச்சு வளர்ச்சியோடு சேர்ந்தது. “தண்ணி வேணுமா?” என்று பிள்ளை நம்மையே கேட்டால், பல நேரம் அதற்குப் பொருள் ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்பதுதான்.

சேராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: தாய் வளர்ப்பு. தாயின் அன்புக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினார்கள். 1964இல் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் அதை மறுத்து எழுதினார். அதன்பிறகு அந்தக் கருத்து மருத்துவத்தில் மெல்ல மெல்ல மதிப்பிழந்தது. வளவுகளில் இன்னும் நிற்கிறது. மருமகள் வேலைக்குப் போனதால் வந்தது என்று சொல்கிற ஆச்சிமார்கள் இல்லாத ஊர் உண்டா?

மீள்செயல் ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் 1979இல் வெளியிட்ட ஆய்வில் 20 சாதாரணக் குழந்தைகளை முதல் ஆண்டு முழுக்கக் கவனித்தார். உதைப்பதும் ஆடுவதும் தட்டுவதுமாக எல்லாக் குழந்தைகளிடமும் தாளம் தவறாத அசைவுகள் இருந்தன. பார்வையற்ற பிள்ளைகள் சிலர் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். உட்கார்ந்து காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்களை அதட்டுகிறோமே, அந்தக் காலாட்டல் என்ன? வேறுபாடு அளவில் இருக்கிறது: எவ்வளவு நேரம், கூப்பிட்டால் திரும்புகிறதா, விளையாட்டையும் சாப்பாட்டையும் தடுக்கிறதா.

ஆகவே கையைப் பிடித்து நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. பிடித்தால் உதறல் நின்று வேறொன்று தொடங்கும், பதற்றம் அப்படியே இருக்கும். தலையைச் சுவரில் முட்டுவது, கையைக் கடித்துப் புண்ணாக்குவது என்றால் கதை வேறு. உடனே உதவி தேட வேண்டும். இல்லாத மீள்செயல் திடீரென்று முளைத்தால் காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலி அப்படியும் வெளிப்படும்.

பெயர் தவறிவிடும் இடங்களும் உண்டு. கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற டிக்குகள் பொதுவாகப் பள்ளி வயதில் தொடங்கும். ஸ்டீரியோடைப்பி பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தொடங்கிவிடும், இரண்டு கையும் சேர்ந்தே ஆடும். கூப்பிட்டாலும் தொட்டாலும் சற்றும் அசைவு மாறாமல், பார்வை நிலைகுத்தி நின்றால் வலிப்பாக இருக்கலாம். பெண் குழந்தை கையால் பொருள் பிடிப்பதை மறந்து, கை கழுவுவதுபோலப் பிசைந்துகொண்டே இருந்தால் ரெட் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறை மருத்துவர் நினைப்பார். இவற்றைப் பிரித்துப் பார்க்க, வாயால் விவரிப்பதைவிட செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ மருத்துவருக்கு அதிகம் உதவும். அசைவு தொடங்குவதற்கு முன்னால் நடந்ததும் அதில் இருந்தால் நல்லது.

எழுதும்போது ஒரு கவனம். மீள்செயல் செயலுக்குப் பெயர், பிள்ளைக்கு இல்லை. பால்வாடி டீச்சருக்குக் குறிப்பு எழுதினால், ‘மீள்செயல் உள்ளவன்’ என்று ஒரே சொல்லில் நிறுத்தாமல் இப்படி எழுதலாம்: “சத்தம் கூடினால் கையை உதறுவான், வெளியே திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் போதும். சந்தோஷத்திலும் உதறுவான், அப்போது விட்டுவிடுங்கள்.”