இறக்கத்தில் இரண்டாம் கியர் ஏன்?

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 1.2 கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படும். 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் தாங்க வேண்டுமா? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், பெடல் மெத்தென்று தரை வரை போகும்; வண்டி நிற்காது.

இந்தச் சுமையில் பெரும்பங்கை எஞ்சினிடம் தள்ளிவிடுவதுதான் கியரைக் குறைப்பதன் பயன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினின் காற்று வழி ஏறக்குறைய மூடிக்கொள்ளும். சக்கரங்கள் இழுக்க, பிஸ்டன்கள் அந்தச் சிறு இடுக்கு வழியே மூச்சுத் திணறக் காற்றை உறிஞ்சும். அந்தத் திணறலும் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். கியர் குறையக் குறையப் பிடி இறுகும்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் நடப்பது நேர்மாறு: கியரில் இறங்கும்போது பெட்ரோல் தெளிப்பே நின்றுவிடும், நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகும்.

சரி, கியரைக் குறைக்கும்போது வண்டி குலுங்குவது ஏன்? மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், மூன்றாம் கியரில் ஒரு சிறிய காரின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு 2,900 சுற்று வேண்டும். கியர்பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையம் பற்சக்கரங்களின் வேகத்தைத்தான் சமன்செய்கிறது. எஞ்சின் வேகம் அதன் பொறுப்பில் இல்லை. கிளட்சைச் சட்டென்று விட்டால், குறையும் 900 சுற்றைக் கிளட்ச் தட்டு தேய்ந்து ஈடுகட்டும். ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கவும் கூடும்.

ஆகவே முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு கிளட்சை மிதித்துக் கியரை மாற்றி, ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, எஞ்சின் குரல் உயர்ந்ததும் கிளட்சை விடுங்கள். ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் வித்தை பந்தயத் திடலுக்கு உரியது, கடைத்தெருவுக்குத் தேவையில்லை.

முதல் கியரில் மட்டும் அவசரம் கூடாது. அதே காரை 60 கி.மீ. வேகத்தில் முதல் கியரில் போட்டால் எஞ்சின் 8,000 சுற்றை நெருங்கும். பெட்ரோலை நிறுத்துவது காரின் கணினிக்கு எளிது. சக்கரமே எஞ்சினைச் சுழற்றும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது.