குழந்தையின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

பரஸ்பர சம்மத விவாகரத்துப் பேச்சில் கணவர் தரப்பு அடிக்கடி வைக்கும் நிபந்தனை: “குழந்தைமேல் எந்த உரிமையும் கேட்கமாட்டேன், எழுதித் தருகிறேன். பதிலுக்குச் செலவுக்குப் பணம் கேட்கக் கூடாது.” விட்டால் போதும் என்று மனைவியும் சரி என்கிறார். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி சீலும் வைத்துவிடுகிறார்கள்.

அந்தத் தாள் இருக்கும்போதே, குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டுப் பின்னாளில் கணவருக்குச் சம்மன் வரலாம். பராமரிப்புத் தொகை குழந்தைக்குச் சேர வேண்டியது. அதை வேண்டாம் என்று சொல்லத் தாய்க்கு அதிகாரமில்லை. இருவரும் சம்மதித்துத் தனியே வாழ்ந்தால் ஜீவனாம்சம் இல்லை என்ற விதி மனைவிக்குத்தான். குழந்தைக்கு அது பொருந்தாது. ஜீவனாம்சம் பற்றிய இந்த விதி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. எண்தான் புதிது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் இந்த உரிமை உண்டு.

“பிள்ளையைப் பார்க்க விடுவதில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்பார்கள். கோபம் புரிகிறது. ஆனால் பார்க்கும் உரிமைக்குத் தனியாக மனு போட வேண்டும், பணத்தை நிறுத்தக் கூடாது. பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுக்கும் தாய்க்கும் இதையேதான் சொல்கிறேன்.

கட்டாவிட்டால் பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சிறை வசூலுக்கான வழிதான், பாக்கி அப்படியே நிற்கும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாய்மார்களுக்கு ஒன்று: இந்தப் பிரிவில் பாக்கியை வசூலிக்க, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அப்புறம், தாய் மறுமணம் செய்துகொண்டால்? புதுக் கணவர் வளர்க்கிறார் என்பதற்காகப் பெற்ற தகப்பனின் பொறுப்பு போய்விடாது. முறையான தத்தெடுப்பு நடந்தால் கதை வேறு. பெற்றோர் உரிமையைச் சட்டப்படி விட்டுக்கொடுக்க, குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கும் வழி 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் உண்டு. அதில்கூட மறுபடி யோசிக்க இரண்டு மாதம் தருகிறார்கள். அது வளர்க்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கானது. செலவைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

சமரசமாகப் போகிறீர்கள் என்றால், குழந்தை பெயரில் எவ்வளவு டெபாசிட், படிப்புச் செலவு யாருடையது என்று கூட்டு மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். நிலைமை மாறினால், அந்தத் தொகையையும் கூட்டித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.