சாவியை உள்ளே வைத்துப் பூட்டும் கெர்னல்

பென்டிரைவுக்கு ஒரு பெரிய வீடியோவைக் காப்பி செய்யும்போது பாதியில் நின்றுவிட்டது, ‘கில் -9’ (உடனே செத்துப்போ என்ற கட்டளை) கொடுத்தும் அந்தப் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) சாகவில்லை, லினக்ஸில் சாகாவரம் பெற்ற புராசஸ்கூட உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புராசஸ்களின் நிலையைக் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ‘டி’ என்று காட்டியதாம்.

‘டி’ என்றால் எழுப்ப முடியாத தூக்கம். கில் -9 போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் எழுந்தால்தானே சாவான்? எதற்காகத் தூங்குகிறான் என்றால், பெரும்பாலும் ஒரு பக்கத்துக்காக. கோப்பில் உள்ளதை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், பக்கம் பக்கமாக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. சாதாரண பிசியில் ஒரு பக்கம் 4096 பைட். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு உண்டு. பூட்டு என்றால் ஒரே ஒரு பிட், அவ்வளவுதான். பக்கம் வட்டிலிருந்து வந்து சேரும்வரையோ, அதில் யாராவது எழுதி முடிக்கும்வரையோ அந்த பிட் 1. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பென்டிரைவ் வாயே திறக்காவிட்டால் காத்திருப்பும் முடியாது. அதைப் பிடுங்கினால் பிழை என்றாவது ஒரு பதில் வரும், தூங்கியவன் எழுவான், எழுந்த கையோடு சாவான். (பிடுங்கச் சொல்லவில்லை. வீடியோ உங்களுடையது.)

இதில் வட்டின்மேல் பழி போடலாம். வட்டு ஒழுங்காக இருந்தும், பக்கத்தில் வேறு யாருமே இல்லாமலும், ஒரு புராசஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்வது உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு கோப்பின் 7-ஆம் பக்கத்தை ‘எம்மேப்’ (கோப்பை நினைவகம்போலவே கையாள விடும் வசதி) மூலம் உங்கள் நிரல் தன் முகவரிப் பரப்பில் சேர்த்துக்கொள்கிறது. பிறகு ‘ரைட்’ அழைத்து, அதே கோப்பின் அதே 7-ஆம் பக்கத்தில் எழுதச் சொல்கிறது. எழுத வேண்டிய தரவு எங்கே? எம்மேப் செய்த அந்த 7-ஆம் பக்கத்திலேயே. கெர்னல் பக்கத்தைப் பூட்டுகிறது. தரவை எடுக்கப் போகிறது. எம்மேப் முகவரியை ஒதுக்கியதோடு சரி, நிரலின் கணக்கில் அந்தப் பக்கம் இன்னும் இணைக்கப்படவில்லை. ‘பேஜ் ஃபால்ட்’, அதாவது ‘பக்கம் இங்கே இல்லை’ என்ற முறையீடு எழுகிறது. ஃபால்ட்டைக் கவனிக்கும் பகுதி பக்கத்தைத் தேடிப் பிடித்து, இணைக்கும் முன் பூட்டப் பார்க்கிறது. ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. பூட்டியவர் திறக்கட்டும் என்று தூங்கப் போகிறது. பூட்டியவர் யார்? இவரேதான். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

எவன் இப்படி எழுதுவான் என்று கேட்கலாம். கெர்னல் அப்படிக் கேட்க முடியாது. எந்தச் சாதாரணப் பயனரும் நாலு வரி நிரலில் இதைச் செய்யலாம் என்றால் அது ஓட்டைதான்.

பழைய கெர்னல்களில் ஒரு சமாளிப்பு இருந்தது: பூட்டும் முன் தரவுப் பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது. ஃபால்ட் வருவதென்றால் அப்போதே வந்து தீரட்டும் என்று. ஆனால் தொட்டதற்கும் பூட்டியதற்கும் நடுவே ஒரு நொடித்துகள் இருக்கிறதே! நினைவகத் தட்டுப்பாட்டில் அந்த இடைவெளியில் பக்கம் வெளியேற்றப்பட்டால் மறுபடி அதே பீரோ. ஆயிரத்தில் ஒருமுறை வரும் கோளாறு, எப்போதும் வரும் கோளாறைவிடக் கொடியது.

சரியான தீர்வு 2008 ஜனவரியில் வந்த கெர்னல் 2.6.24-இல் அமைந்தது. கெர்னல் நிரலாளர் நிக் பிகின் முன்னின்று செய்த வேலை. முன்போலவே தொட்டுப் பார், பூட்டு, ஆனால் நகலெடுக்கும்போது ஃபால்ட்டைக் கவனிக்கவே கூடாது என்று தடை போடு. பக்கம் இல்லையா? தூங்காதே. எவ்வளவு நகலானதோ அவ்வளவோடு திரும்பு. பூட்டைத் திற, மறுபடி தொடு, மறுபடி பூட்டு. சொல்ல எளிது, பாதி நகலோடு திரும்புவதை, கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் கோப்பு முறைமைகள் தாங்க வேண்டுமே! அதனால் ‘ரைட் பிகின்’, ‘ரைட் எண்ட்’ என்று இடைமுகத்தையே மாற்றினார்கள்.

நம் பொறியியல் கல்லூரிகளில் டெட்லாக் (ஒருவர் விடட்டும் என்று மற்றவர் காத்திருந்து எல்லாரும் உறைவது) என்றால் அது நேர நான்கு நிபந்தனைகளை ஒப்பிக்க வைத்து, வட்ட மேசையில் ஐந்து தத்துவவாதிகளைச் சாப்பிட உட்கார வைத்து அனுப்பிவிடுகிறோம். இந்த ஒற்றை ஆள் டெட்லாக்கைப் பலகையில் வரைந்தால் முதல் மூன்று நிபந்தனைகளும் பத்து நிமிடத்தில் புரியும். நான்காவதான வட்டக் காத்திருப்பில் வட்டமே ஓர் ஆள்தான் என்பது கூடுதல் சுவை.

பக்கப் பூட்டில் அடைத்த ஓட்டை வேறு பூட்டுகளில் எட்டிப் பார்த்தது. பல சர்வர்கள் ஒரே வட்டைப் பகிரும் ஜிஎஃப்எஸ்2 என்ற கோப்பு முறைமையிலும், பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொன்றின் நேரடி வாசிப்பிலும் (கெர்னல் வைத்திருக்கும் பக்கங்களைத் தாண்டி வட்டிலிருந்தே படிப்பது) இதே சிக்கல்: கோப்பிலிருந்து படித்ததை, அதே கோப்பை எம்மேப் செய்த இடத்திலேயே கொட்டச் சொன்னால் உறைந்தன. 2022 ஜனவரியில் வெளியான கெர்னல் 5.16-இல் இரண்டையும் சரிசெய்தார்கள். வழி அதேதான்: ஃபால்ட்டுக்குத் தடை, பாதியில் திரும்பு, பூட்டை விடு, மறுபடி தொடு.