வெயிலுக்குப் பலியானால் 4 லட்சம் ரூபாய் நிவாரணம்: குடும்பத்தார் முதல் நாளே செய்ய வேண்டியவை

வெப்ப அலையால் ஒருவர் இறந்துபோனால் அவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் தருகிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த அரசாணையில் இது இருக்கிறது. நிவாரணப் பணியில் இருந்தபோது வெயிலுக்குப் பலியானவர்களுக்கும் இதே தொகைதான். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் எல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் விசாரிக்கிறார்கள்.

மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சியோடு குளிர் அலைகூட இடம்பெற்றிருந்தது. அப்போது அதில் வெப்ப அலை இல்லை. ஆனால், மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை, மாநிலம் தானே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்று விதி உண்டு. அந்த வழியில்தான் தமிழ்நாடு இதைச் செய்தது. வெயில் பாதிப்புக்கான சிகிச்சை, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், தண்ணீர்ப் பந்தல்கள் ஆகியவற்றுக்கும் இந்த நிதியைப் பயன்படுத்த முடியும்.

நிவாரணத்துக்கு ஒரு நிபந்தனை: இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். ஏழைக் குடும்பங்கள் இடறி விழும் இடம் இதுதான். வெயிலில் சுருண்டு விழுந்தவரை வெறுமனே “மயக்கம்” என்று சொல்லிக் கொண்டுபோனால், காகிதத்தில் மாரடைப்பு என்று பதிவாகிவிடலாம். ஆகவே மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்: எத்தனை மணியிலிருந்து வெயிலில் நின்றார், என்ன வேலை, விழும் முன் உளறினாரா, உடல் எப்படிக் கொதித்தது, நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்களா. ஊற்றியிருந்தால் மருத்துவமனையில் காய்ச்சல் குறைவாகக் காட்டும்; அதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். உயிர் போய்விட்டால், துயரத்துக்கு நடுவிலும், உடற்கூறு ஆய்வு தேவையா என்று கேளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எழுத்து மூலம் தெரிவித்து, மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் தயாராக வைத்திருங்கள்.

உயிரைக் காப்பாற்றிவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்ட நாளில், பிற்பகல் 2 மணிக்குச் சட்டி சுமந்துகொண்டிருந்தவர் திடீரென்று இல்லாத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “வியர்த்துக் கொட்டுகிறதே, ஒன்றும் இல்லை” என்றார் மேஸ்திரி. அது தவறு. கடும் உழைப்பில் இருப்பவருக்கு வியர்வை வழியும்போதே ஹீட் ஸ்ட்ரோக் வரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலர்ந்தால்தான் உடல் குளிரும். கடலோரத்தில் 37 டிகிரியே ஆளைச் சாய்க்கப் போதும். வெப்ப அலை அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பேச்சு தடுமாறினால், நடை தள்ளாடினால், 108-ஐ அழைத்துவிட்டு உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். சட்டையைத் தளர்த்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. அன்று சிமென்ட் கலக்க வைத்திருந்த டிரம் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கண் திறந்து தன் ஊரின் பெயரைச் சொன்னார்.

வெயில் பாதிப்பு குறித்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070.