குப்பத்துப் பள்ளியில் ஆசிரியர் இல்லையா? சட்டத்தில் இருப்பதும் கேட்க வேண்டிய இடமும்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் உள்ள குப்பங்கள் சென்னை மாநகராட்சியின் 1-வது மண்டலமான திருவொற்றியூரில் வருகின்றன. தண்ணீரைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. அது திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம். கடலும் ஒன்று, தொழிலும் ஒன்று. ஆனால் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்று மனு கொடுக்க வேண்டிய அலுவலகம் வேறு வேறு. அந்தப் பக்கம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். இந்தப் பக்கம் மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சிக் கல்வித் துறை. உங்கள் பள்ளி யாருடையது என்று பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன மனு மேசை மேசையாகச் சுற்றுமே தவிர வேலை நடக்காது.

கடலோரத்தில் அடிக்கடி காதில் விழும் குறை, "நல்ல டீச்சர் வந்தாங்க, மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்பதுதான். அவரைத் தடுத்து நிறுத்த பெற்றோருக்குச் சட்டத்தில் வழியில்லை. பொது மாறுதல் கலந்தாய்வில் இடம் தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் உரிமை. பணியிடம் காலியாகக் கிடந்தால் கேள்வி கேட்கலாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பேசுவதும் பணியிடத்தைப் பற்றித்தான். அதனால் "அந்த டீச்சரைத் திருப்பி அனுப்புங்கள்" என்று எழுதாமல், "அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை" என்று எழுதுங்கள்.

எத்தனை பணியிடம் என்பதற்கு அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே கணக்கு இருக்கிறது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. 150-க்கு மேல் போனால் தனியாக ஒரு தலைமையாசிரியரும் வேண்டும். முதல் வரிசையைக் கவனியுங்கள்: 60 வரை என்றுதான் இருக்கிறது, குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் இல்லை. பன்னிரண்டு பிள்ளைகள்தான் படிக்கிறார்கள் என்றாலும் 2 ஆசிரியர் இருந்தாக வேண்டும். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 35 பேருக்கு ஓர் ஆசிரியர். அதிலும் அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும்.

அடுத்தது 26-வது பிரிவு. அரசுப் பள்ளியிலோ உள்ளாட்சிப் பள்ளியிலோ காலியிடம், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இதை மாவட்டம் முழுவதற்குமான சராசரி என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் பிரிவில் இருக்கும் சொல் "ஒரு பள்ளியில்" என்பதுதான். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போய்விட்டால் காலியிடம் 50 சதவீதம். அதாவது குப்பத்துப் பள்ளியில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தாலே அது விதிமீறல். பெரிய பள்ளிகளைவிடச் சின்னப் பள்ளிக்கு இந்தப் பிரிவு பலம் தருகிறது. மனுவில் எழுதுபவர்கள்தான் குறைவு.

இன்னொரு சிக்கல் மாற்றுப்பணி. பதிவேட்டில் ஆசிரியர் இருப்பார், வகுப்பில் இருக்க மாட்டார். வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பியிருப்பார்கள். 25-வது பிரிவின் 2-வது உட்பிரிவு இதைத் தடுக்கிறது. ஆசிரியர்-மாணவர் விகிதம் குலையாமல் இருக்க, ஒரு பள்ளிக்கு நியமித்தவரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்க வைக்கக் கூடாது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றும் விதிவிலக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நிவாரணப் பணியைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அலுவலகக் கணினியில் விவரம் ஏற்ற ஆள் வேண்டும் என்பது அந்த மூன்றில் எதிலும் சேராது.

தேதி ஒன்றையும் நினைவில் வையுங்கள்: ஆகஸ்ட் 1. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. உபரி என்று கணக்கு வந்தால் பணிநிரவலில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். 62 பேர் படித்த பள்ளியில் மூன்று பேர் சேர்க்கைக்குத் தாமதமாக வந்தால் ஒரு பணியிடமே போய்விடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வேறு ஊருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் திரும்பத் தாமதமாகும். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காலியிடம் நிரம்பும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க அனுமதித்தது. தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 15,000 ரூபாய் என்று பிறகு உயர்த்தப்பட்டது. இந்த ஊதியத்துக்கு அண்ணா நகரிலிருந்து யாரும் வர மாட்டார்கள், அது நியாயம்தான். குப்பத்திலேயே ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பேருந்து பிடிக்கும் கவலை கிடையாது. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய்த் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

பேருந்து விஷயத்துக்கு வருவோம். ஆசிரியர் ஏன் தங்குவதில்லை என்பதற்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. மெட்ரோ விம்கோ நகர் பணிமனையோடு முடிந்துவிடுகிறது. புறநகர் ரயிலில் எண்ணூர் அல்லது அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினாலும் அங்கிருந்து குப்பம் வரை ஷேர் ஆட்டோவை நம்ப வேண்டும். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் விடியல் பயணம் இலவசம், எனவே டீச்சருக்குக் காசு மிச்சம். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் பேருந்து வர வேண்டுமே! மலைப்பகுதி அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு மலைப்படி வருகிறது. கடலோரத்துக்கு அப்படி ஒரு படி இல்லை. முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு வருபவருக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. இப்போதைக்குச் சட்டத்தில் இடமில்லாததால் கோரிக்கையாகத்தான் வைக்க முடியும்.

பிள்ளைகளின் வண்டிக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. 1 முதல் 5 வரை 1 கி.மீ.க்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கி.மீ.க்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன தமிழ்நாட்டின் 2011-ஆம் ஆண்டு விதிகள். பள்ளி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவச வண்டி போன்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வழியில் வெள்ளமோ சாலை இல்லாத நிலையோ ஆபத்தோ இருந்தால் தூர வரம்பையே குறைக்கவும் அவை வழி தருகின்றன. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டித்தான் பிள்ளை போக வேண்டும் என்றால் அதையும் ஆபத்து என்றே எழுதலாம்.

இந்த வண்டிக்கான பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது. வண்டிக்கோ வழித்துணைக்கு வரும் ஆளுக்கோ ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை. யாருக்கு வேண்டும் என்ற பட்டியல் பள்ளியிலிருந்து வட்டார வள மையத்துக்குப் போய், ஆண்டுத் திட்டத்தில் ஏற வேண்டும். அந்தத் திட்டத்தை முந்தைய கல்வியாண்டிலேயே எழுதிவிடுவார்கள். ஜூன் மாதம் போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். பொங்கலுக்குள் தலைமையாசிரியரிடம் பெயர்களைக் கொடுத்துவிடுங்கள். மற்றபடி இலவச பஸ் பாஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பணியிட விவரத்தைப் பள்ளியில் தர மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த எண்களோடு 25, 26 பிரிவுகளைக் குறிப்பிட்டு உள்ளாட்சி அமைப்பிடம் 32-வது பிரிவின்படி எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவர்கள் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொலைபேசியில் சொல்ல கல்வித் துறையின் 14417 இருக்கிறது, ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். புகாரின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதக் கணக்குக்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் சான்று.