பைரி ஏன் நேராகப் பார்ப்பதில்லை?

"அக்கா, இருபத்தேழு படம் எடுத்திருக்கேன். ஒண்ணுல கூட அது என்னை நேராப் பாக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருக்கு. நான் நிக்கிறது பிடிக்கலையோ?"

போன மார்கழியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய கேமரா, அதன் முன்னால் அவள் முழங்கை நீளத்துக்கு ஒரு டெலிஃபோட்டோ லென்ஸ். எதிரே உயர்மின் கோபுரத்தின் குறுக்குச் சட்டத்தில் பைரி ஒன்று உட்கார்ந்திருந்தது. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, வாத்தும் உள்ளானும் நிறைந்த நீர்நிலையாகப் பார்த்துத் தங்கிவிட்டுப் போகும் வேட்டைப் பறவை.

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மீசை போலக் கன்னத்தில் இறங்கும் கறுப்புப் பட்டையும், அதற்கு மேலே மஞ்சள் வளையமிட்ட ஒரேயொரு கண்ணும். "இந்தப் படங்கள்ல அது உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் அவளுக்காக இதை எழுதுகிறேன்.

கண்ணின் முன்னால் லென்சு, பின்னால் விழித்திரை என்பது பள்ளியில் படித்ததுதான். அந்த விழித்திரையில் எல்லா இடமும் ஒரே கூர்மையில் பார்ப்பதில்லை. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் நாம் உண்மையில் துல்லியமாகப் பார்க்கும் பரப்பு. விழித்திரையில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, ஒளியுணரும் செல்கள் அங்கேதான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எதையாவது உற்றுப் பார்ப்பதென்றால், அதன் பிம்பம் அந்தக் குழியில் விழும்படி கண்ணை உருட்டுவதுதான்.

நமக்குக் கண்ணுக்கு ஒரு குழி. பைரிக்குக் கண்ணுக்கு இரண்டு!

ஒன்று ஆழம் குறைந்தது. அதன் பார்வைக்கோடு அலகு காட்டும் திசையிலிருந்து ஏறக்குறைய 15 பாகைதான் விலகியிருக்கும், அதனால் பக்கத்தில் இருக்கும் பொருளை இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்க உதவும். இன்னொன்று ஆழமானது, கூர்மையில் முன்னதை மிஞ்சுவது. ஆனால் அது ஏறக்குறைய 45 பாகை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. கண்ணை உருட்டிச் சரிசெய்யவும் வழியில்லை. தலையோட்டில் இடம் போதாத அளவுக்குப் பெரிய விழிகள், எலும்பு வளையத்துக்குள் இறுகப் பொருந்தியிருக்கின்றன. ஆகவே தொலைவில் இருப்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் பைரி தலையையே 40 பாகை போலத் திருப்பியாக வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக விலங்கியலாளர் வான்ஸ் டக்கர் 2000-ஆம் ஆண்டில் இதை அளந்து எழுதினார். 8 மீட்டருக்குள் இருப்பதைப் பார்க்க வேட்டைப் பறவைகள் பெரும்பாலும் முகத்தை நேராக வைத்துக்கொண்டன. 40 மீட்டரைத் தாண்டியதைப் பார்க்கும்போது பத்தில் எட்டு முறைக்குக் குறையாமல் பக்கவாட்டில்தான் பார்த்தன. சதுப்பின் ஓரத்தில் நின்ற பெண் 40 மீட்டருக்கு வெகு அப்பால் இருந்தாள்.

அந்த ஆழ்குழிக்கு வருவோம். படித்த நாளிலிருந்து என்னைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான். அது வெறும் பள்ளம் இல்லை, செங்குத்தான சுவர்களோடு கிணறு மாதிரி இறங்குகிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழைவிட விழித்திரைத் திசுவின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் திறன், சற்று அதிகம். இரண்டுக்கும் இடையிலான எல்லை வளைந்திருந்தால், அந்த வளைவே ஒரு லென்சு. கிணற்றின் அடிப்பகுதி வளைந்திருக்கும் விதத்தில் அது ஒளியை விரிக்கும், அதாவது குழிலென்சாக வேலை செய்யும். முன்னால் குவிலென்சு, பின்னால், பிம்பம் விழப்போகும் நேரத்தில், குழிலென்சு. இந்த அடுக்கின் பெயர் என்ன தெரியுமா? டெலிஃபோட்டோ. நீளத்தைக் கூட்டாமலே பிம்பத்தைப் பெரிதாக்கும் அதே உத்தி. ஸ்னைடர், மில்லர் என்ற இருவர் 1978-இல் நேச்சர் இதழில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காலையில் ஒரு டெலிஃபோட்டோ இன்னொரு டெலிஃபோட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடையதைத் தாங்க முக்காலி வேண்டும். பைரியினுடையது விழித்திரையின் கனத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கழுகுப் பார்வை மனிதப் பார்வையைப் போல எட்டு மடங்கு என்று பலரும் சொல்வார்கள். அவ்வளவு இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகைப் பழக்கி 1985-இல் ரேமண்ட் என்பவர் அளந்தபோது நம்மைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வந்தது. அதுவே பெரிய அதிசயம், ஊதிப் பெருக்கத் தேவையில்லை.

இப்போது பைரியின் இக்கட்டைப் பாருங்கள். அது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டிப் பாய்கிற பறவை. ஒரு கிலோமீட்டர் தொலைவில் வாத்து பறக்கிறது. அதை ஆழ்குழியால் பார்த்துக்கொண்டே நேராகப் பாய்ந்தால் தலை 40 பாகை திரும்பியிருக்கும். டக்கர் இறக்கையில்லாத பைரி உருவம் ஒன்றை, காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையைத் திருப்பியதும் காற்றின் இழுவை பாதிக்கு மேல் கூடியது. போதாததற்கு, தலை திரும்பிய பக்கமாக உடலையும் திருகியது. தலையைத் திருப்பினால் வேகம் போகும், திருப்பாவிட்டால் இரை மங்கும்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. தலையை நேராகவே வைத்துக்கொண்டு, பாதையை வளைத்துவிடுவது. இரை எப்போதும் பக்கவாட்டில் 40 பாகையிலேயே இருக்கும்படி பறந்துகொண்டே இருந்தால், பாதை தானாகவே ஒரு சமகோணச் சுருளாக இரையை நோக்கிச் சுருங்கும். நாட்டிலசு என்ற கடல் உயிரின் ஓட்டில் பார்க்கிறோமே, அதே சுருள். பதினொன்றாம் வகுப்புக்காரி தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான்: நேர்த் தொலைவை 40 பாகையின் கொசைன் மதிப்பால் வகுக்க வேண்டும். இரை நகராமல் இருந்தால் 1,000 மீட்டர் ஏறக்குறைய 1,305 மீட்டர் ஆகும். முப்பது சதவீதம் கூடுதல் தூரம். ஆனாலும் இழுவை குறைவதால் கிடைக்கும் வேகம் அதை ஈடுகட்டிவிடும். காட்டுப் பைரிகள் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவிலிருந்து இரையை நெருங்குவதை டக்கரும் கூட்டாளிகளும் அளந்தபோது பாதைகள் வளைந்தே இருந்தன. இரையை எட்டிப் பிடிக்கும் கடைசிக் கட்டம் வேறு கதை. பழக்கிய பைரிகளின் மேல் சின்னக் கேமராவும் ஜிபிஎஸ்ஸும் கட்டிவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் பார்த்தார்கள். ஏவுகணைகளை இலக்குக்கு வழிநடத்தும் அதே விதியில் அவை திரும்பின.

ஒரு பொம்மை, ஒரு காற்றுச் சுரங்கம், ஒரு கேள்வி. இவ்வளவு போதுமாயிருந்தது. நம் ஊர் பொறியியல் கல்லூரிகளிலும் காற்றுச் சுரங்கங்கள் உண்டு, வல்லூறும் செம்பருந்தும் வளாகத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். "இதனால் என்ன பயன்?" என்று முதல் வரியிலேயே கேட்கும் விண்ணப்பப் படிவத்தைத் தாண்டி இப்படி ஒரு கேள்விக்குப் பணம் வாங்குவது கடினம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. கழுகு நாற்பது வயதில் மலையேறிப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கி எறிந்து, புது உடம்போடு இன்னும் முப்பது ஆண்டு வாழ்கிறது என்ற கதை. பட்டமளிப்பு விழாக்களில்கூடக் கேட்டிருக்கிறேன். அலகு உடைந்த கழுகு பட்டினியில் செத்துப்போகும். அலகும் நகமும் நம் நகத்தைப் போல வளர்ந்து தேய்ந்துகொண்டே இருப்பவை, இறகுகள் முறை வைத்து உதிர்ந்து முளைப்பவை. ஒரு நாள் காலை சதுப்பு ஓரம் நின்று பார்த்தவர்கள் அந்தக் கதையை மேடையில் சொல்ல மாட்டார்கள்.

படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பறவை நேராகப் பார்க்கும் படம் வேண்டும் என்று கூட்டின் பக்கம் போகாதீர்கள், இரை காட்டி இறக்காதீர்கள். அதன் ஒற்றைக் கண் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள், அது எதைப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

அன்று அப்படித்தான் நடந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பைரி தலையைச் சாய்த்து ஒரு கண்ணை வானத்துக்குக் கொடுத்தது. அப்படியே அசையாமல் இருந்தது. "மேல பாரு" என்றேன். எங்கள் இருவர் கண்ணுக்கும் வெறும் நீலம்தான் தெரிந்தது. அவள் லென்சை உயர்த்தி அது பார்த்த பக்கமாகவே மெல்ல நகர்த்தி, இரண்டு முறை அழுத்திவிட்டு, திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். விரல் விரலாகப் பிரிந்த இறக்கை நுனிகளோடு, அகலமாக, வட்டமடிக்கும் கழுகு ஒன்று.